வெள்ளைக் கல் மேலே வந்த வழி

என் மனைவியை முதன்முதலில் பார்த்தபோது அவள் தரையில் மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். பத்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம், லிஃப்டுக்கு முன்னால் கல் பதித்த கூடம். நான் லிஃப்ட் மெக்கானிக். கதவு சரியாக மூடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். பாவம், காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, கேட்காமலேயே நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து தேடினேன். சுவர் ஓரம் வரை துழாவிவிட்டு, தோடு என்ன நிறம் என்று விசாரித்தேன். அவள் விழித்தாள். அவள் கையில் இருந்தது பூதக்கண்ணாடி. தரைக் கல்லில் இருந்த சிவப்புப் புள்ளிகளைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பின்னால் கல்யாணப் பேச்சு வந்தபோது இதை அம்மாவிடம் சொன்னேன். பெண் நன்றாகக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வாள் போலிருக்கிறது என்று அம்மா திருப்திப்பட்டுக்கொண்டாள்.

அவளோடு தெருவில் நடப்பது பெரிய பாடு. மதில் சுவரைக் கண்டால் நிற்பாள், படிக்கட்டைக் கண்டால் நிற்பாள். சில சமயம் கல்லைப் பொறுக்கி நாக்கால் நக்கிப் பார்ப்பாள். ஈரம் பட்டால்தான் நிறம் சரியாகத் தெரியுமாம். சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனால் எல்லோரும் திரைச்சீலையையும் விளக்கையும் புகழ்ந்துகொண்டிருப்பார்கள். இவள் மட்டும் குளியலறை வாசற்படியைப் பார்த்துவிட்டு வந்து, உங்கள் வீட்டிலேயே அதுதான் அருமையான பொருள் என்று மனதாரச் சொல்வாள். அந்த வீட்டம்மா அதற்கு அப்புறம் எங்களோடு பேசுவதில்லை.

கல் படிப்பைப் படித்து முடித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு சிமெண்ட் ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனாள். பதினாறு வருடம். சுண்ணாம்புக்கல்லைத் தூளாக்கி அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வேலை. குறை ஒன்றும் சொல்லமாட்டாள். கல்லைப் பார்க்கவிடாமல் மாவாக்கிக் கையில் கொடுக்கிறார்கள் என்று எப்போதாவது முனகுவாள், அவ்வளவுதான். ஒருநாள் ஆலையை மூடிவிட்டார்கள். மற்றவர்களெல்லாம் வேறு வேலை தேடி அலைந்தபோது இவள் பல்கலைக்கழகத்தில் போய் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டு வந்தாள். வயது நாற்பத்து மூன்று. இந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கா என்று நான் கொஞ்சம் குதித்தேன். கல்லே வயதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, நீங்கள் ஏன் படுகிறீர்கள் என்றாள்.

அவளுக்கு வாய்த்த கைடு அவளைவிட ஐந்து வயது சின்னவர். கெட்டிக்காரப் பெண்மணி. வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். மாணவியை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மேடம் என்றார். இவளும் மேடம் என்றாள். இரண்டு மேடம்களும் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கல் அறுக்கும் ரம்பத்துக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவே குடியேறினார்கள். வீட்டுக்கு வந்தால் இவள் தலையிலிருந்து சாம்பல் நிறத் தூள் உதிரும். துவைக்கப் போட்ட துணியைப் பார்த்து அம்மா, படிக்கப் போறாளா கொத்து வேலைக்குப் போறாளா என்று என்னிடம் கேட்டாள்.

அவர்களுடைய வழக்கு என்னவென்று எனக்கு விளங்கவே பல மாதம் ஆயிற்று. ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரி இருந்தது. ஜல்லி உடைப்பதற்காகத் தோண்டிய வெளிறிய கல். அந்த வெள்ளைக் கல்லுக்குள்ளே அங்கங்கே கரும்பச்சையில், சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி கட்டிகள் கிடந்தன. கரும்பச்சைக் கட்டி பூமிக்குள்ளே மிக ஆழத்தில் உருவானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சண்டை வெள்ளைக் கல்லைப் பற்றித்தான். நாம் நிற்கிற நிலப்பரப்பெல்லாம், கண்டங்களெல்லாம், பெரும்பாலும் அந்த மாதிரிக் கல். எடை குறைந்தது, மிதக்கிற ஜாதி. அது எப்படி அவ்வளவு ஆழம் போகும், பச்சைக் கட்டிதான் எங்கிருந்தோ வந்து இதில் சொருகிக்கொண்டது என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதிவைத்திருந்தார்கள். இல்லை, கண்டமே ஒட்டுமொத்தமாகக் கீழே போய்த் திரும்பி வந்திருக்கிறது என்பது இரண்டு மேடம்களின் கட்சி. சொன்னால் போதுமா? வெள்ளைக் கல்லுக்குள்ளேயே அத்தாட்சி வேண்டும். குவாரியோ மூடப்பட்டுத் தண்ணீர் நிரம்பிக் குளமாகிவிட்டது. அதற்கு முன்னால் என் வேனில் ஏற்றிக்கொண்டு வந்த சில கற்கள்தான் மிச்சம்.

ஒரு சாயங்காலம் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். மிதக்கிற கல் கீழே போவானேன், போனது மேலே வருவானேன்?

கடலுக்கு அடியில் இருக்கிற தரை பழசாகி, குளிர்ந்து, கனத்துப்போய், பக்கத்தில் இருக்கிற பூமித் தட்டுக்குக் கீழே சரிந்து இறங்கும் என்றாள். அதன் வாலில் ஒரு கண்டம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமாம். கண்டத்துக்கு இஷ்டமில்லை. ஆனால் இழுப்பு பலமாக இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஆழம்கூடப் போகலாம். ஒரு கட்டத்தில் கனமான பகுதி அறுந்து தனியாக விழுந்துவிடும். அப்போது, சுற்றியிருக்கிற கல்லைவிடக் கண்டத்துக் கல் லேசு என்பதால், போன வழியிலேயே மேலே கிளம்பிவிடும்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எல்லோரும் லிஃப்டில் பிரேக் விட்டால் கீழே விழும் என்று பயப்படுகிறார்கள். ஆள் இல்லாத லிஃப்ட் விழாது, மேலேதான் பாயும். மறுபக்கம் தொங்குகிற கவுண்டர் வெயிட் அதைவிடக் கனம். இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"கிட்டத்தட்ட சரி. உங்க லிஃப்டை எடை மேல தூக்குது. எங்க கல்லை எடை கீழ பிடிச்சு வெச்சிருக்கு, விட்டதும் தானா வருது."

"எவ்வளவு வேகம்?"

"நகம் வளர்ற வேகம். எங்க கணக்குல அது ராக்கெட். மெதுவா வந்திருந்தா சூட்டுல எல்லா அடையாளமும் அழிஞ்சிருக்கும்."

அடையாளம் என்று அவள் சொன்னது இரண்டு பொருட்களை. சாதாரணமாக மணலில் பார்க்கிற குவார்ட்ஸ், அந்த ஆழத்து அழுத்தத்தில் நெருக்கிக்கொண்டு கோயசைட் என்ற வேறு கனிமமாக மாறும். அதைவிட ஆழம் போனால் கல்லில் இருக்கிற கரி வைரமாகும். இரண்டும் மேலே வரும்போது பெரும்பாலும் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும். கார்னெட் என்ற சிவப்புக் கல்லுக்குள்ளே மாட்டிக்கொண்டவை மட்டும், அது மூடிபோட்ட பாத்திரம் மாதிரி அமுக்கிப் பிடித்திருப்பதால், தப்பிப் பிழைக்கலாம். வெள்ளைக் கல்லின் கார்னெட்டில் கோயசைட்டோ வைரமோ ஒரு துணுக்கு கிடைத்தால் போதும், வழக்கு ஜெயித்தது. இரண்டு வருடம் தேடினாள். கிடைத்ததெல்லாம் வெறும் குவார்ட்ஸ்.

மூன்றாம் வருடம் ஒருநாள் மத்தியானம் எனக்கு போன் வந்தது. நான் லிஃப்டின் மேற்கூரையில் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். "வைரங்க" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நான் எண்ணெய்க் கையோடு போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக் கல்லை மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடியில் ஒட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததில், கார்னெட்டில் ஏழெட்டு மினுக்குப் புள்ளிகள். லேசர் பாய்ச்சி எது என்ன கனிமம் என்று சொல்கிற கருவியில் வைத்தார்கள். வைரம் என்று அடித்துச் சொன்னது கருவி. கைடு ஆடாத குறை. அந்த வருட மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். தீசிஸை முடித்துவிடலாம் என்று நாள் குறித்தார். இவளுடைய உதவித்தொகைக் காலமும் அதோடு முடிகிறது, எல்லாம் கச்சிதமாக அமைந்தது.

எங்கள் வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. மருமகள் வைரம் கண்டுபிடித்துவிட்டாள் என்று அம்மா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். மறுநாளிலிருந்து என் கைக்கடிகாரத்தைக்கூட ஜனங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து, மூக்குத்திக்குத் தேறுமா என்று ரகசியமாகக் கேட்டார். தலைமுடியை நூறாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அந்த வைரம் என்று நான் விளக்கினேன். சரி சரி, சொல்ல இஷ்டமில்லை என்றால் விடுங்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் இந்தக் கூத்து. அதற்கப்புறம் ஒரு பிற்பகல் நான் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கே அவள் வந்தாள். அப்படி வருகிறவள் இல்லை. என்ன, யாருக்கு என்ன என்று பதறிக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

அந்தப் புள்ளிகளை ஆற அமர இன்னொரு தரம் பார்த்திருக்கிறாள். நுண்ணோக்கியில் ஒரு திருகு உண்டு, திருகினால் கல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே உள்ளே பார்வை இறங்கும். மேற்பரப்பில், மெருகேற்றும்போது விழுந்த கீறல்கள் தெரிகிற அதே மட்டத்தில்தான் எல்லா வைரமும் தெளிவாகத் தெரிந்தன. உள்ளே திருகினால் ஒன்றுகூட இல்லை. ஒன்றிரண்டு கீறலின் முனையிலேயே உட்கார்ந்திருந்தன.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"மெருகு போடுறது எதால தெரியுமா? வைரப் பேஸ்ட். டியூப்ல வரும், உள்ள முழுக்க வைரத்தூள். அதைத்தான் கல்லு மேல வெச்சு தேய்ச்சிருக்கேன். என் வைரத்தை நானே கண்டுபிடிச்சிருக்கேன்."

கருவி பொய் சொல்லவில்லை. வைரம்தான். யாருடைய வைரம் என்று அதைக் கேட்க முடியாதே. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாநாட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. அவர்களைத் தவிர அந்தச் சீவலை எடுத்துத் திருகித் திருகிப் பார்க்கப்போகிறவர் யார்? இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியாதா?

"பிரேக் தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, இந்த லிஃப்டை ஓட விட்டுட்டு வீட்டுக்கு வருவீங்களா?" என்று கேட்டாள்.

மாட்டேன் என்றேன். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நேரே கைடைப் பார்க்கப் போனாள்.

அங்கே நடந்ததை அப்புறம்தான் சொன்னாள். கைடு நுண்ணோக்கியில் குனிந்து திருகைத் திருகிக்கொண்டே இருந்தாராம். நிமிரவே இல்லை. திட்டப்போகிறார் என்று இவள் காத்திருந்தாள். கடைசியில் அவர், முன்பெல்லாம் அலுமினாப் பொடியில்தான் தேய்ப்போம், பளபளப்பு நன்றாக வருகிறது என்று வைரப் பேஸ்ட் வாங்கிவைத்தது நான்தான் என்றார். அதைவிட, பார்த்த உடனே திருகித்தான் பார்த்திருக்க வேண்டும், ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்றார். இரண்டு பேரும் சேர்ந்து மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். காரணத்தையும் மறைக்காமல் எழுதினார்கள். பச்சைக் கட்டிக் கட்சிக்காரர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மிச்சம் இருந்தது உள்ளங்கையளவு ஒரே ஒரு வெள்ளைத் துண்டு. அதிலும் எதுவும் இல்லையென்றால் தீசிஸுக்குக் கால் இல்லை. வேறு தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. உதவித்தொகையும் கிடையாது. அப்படி ஆனால் விட்டுவிடுவேன் என்று என்னிடம் சொன்னாள். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆலை மூடினபோதுகூட அவள் இப்படிப் பேசவில்லை.

அம்மாவுக்கும் விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. வைரம் இல்லையாம், பேஸ்ட்டில் இருந்து ஒட்டிக்கொண்டதாம் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, வைரம் கலந்த பேஸ்ட்டை வைத்து யாராவது கல்லைத் தேய்ப்பார்களா, நீங்களெல்லாம் என்ன படிப்பு படிக்கிறீர்கள் என்று கேட்டாள். தெருவில் சொன்னதைத் திருப்பி வாங்குகிற பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. நீ சொல்லிக்கொள் என்றுவிட்டாள்.

கடைசித் துண்டை அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. வைரப் பேஸ்ட் பட்ட பழைய மேசையைத் தொடவில்லை. புதுக் கண்ணாடித் தட்டு, புதுத் துணி, அலுமினாப் பொடி, கையால் தேய்ப்பு. ஒரு பொடி முடிந்து அடுத்த பொடிக்குப் போகுமுன் கையை முழங்கை வரை கழுவுவாள். வீட்டுக்கு வந்தால் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். பாத்திரம் கழுவுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் கழுவியதை அம்மா மறுபடி கழுவினாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவளை இறக்கிவிடப் போனவன், அன்று வேலை இல்லாததால் அந்த அடித்தள அறையிலேயே உட்கார்ந்தேன். கைடும் இருந்தார். இவள் சீவலை வைத்து, ஒவ்வொரு கார்னெட்டாகப் பார்த்து நகர்ந்தாள். மினுக்குப் புள்ளி ஒன்றுகூட இல்லை. வைரம் போயே போய்விட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவள் கை நின்றது.

கைடைக் கூப்பிட்டாள். அவர் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். மங்கலான ரோஜா நிறத்தில் ஒரு கார்னெட். நடுவில் வெளிறிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டைச் சுற்றிக் கார்னெட், சூரியனுக்குக் கதிர் வரைந்த மாதிரி நாலாபக்கமும் வெடித்திருந்தது. மேலே வரும்போது கோயசைட் குவார்ட்ஸாக மாறும், மாறும்போது ஊதும், ஊதினால் சுற்றியிருப்பது வெடிக்கும் என்று மெதுவான குரலில் சொன்னாள். வெடிப்பு இருந்தால் மட்டும் போதாதாம். இதுமாதிரி வெடிப்புகளை முன்பும் பார்த்திருக்கிறாள், உள்ளே இருந்ததெல்லாம் மாறி முடிந்த குவார்ட்ஸ். இதில் பொட்டின் நடுவே, இன்னும் மாறாமல், வேறு சாயலில் ஒரு துளி இருந்தது. திருகைத் திருகினாள். கீறல்கள் மங்கின. துளி மங்கவில்லை, இன்னும் தெளிவானது. மேற்பரப்புக்குக் கீழே, கார்னெட்டுக்குள்ளே, மூடியோடு இருந்தது.

லேசர் கருவி இருந்த அறைக்கு மூவரும் போனோம். திரையில் கோடு ஒன்று எழுந்தது. கைடு ஒரு புத்தகத்தைத் திறந்து அந்தக் கோட்டோடு ஒப்பிட்டார். இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார். மூன்றாம் தரமும். அப்புறம் இரண்டு மேடம்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் கைடு அவளை முதல்முறையாக அக்கா என்று கூப்பிட்டார்.

கோயசைட்டை எந்தக் கடையிலும் டியூபில் விற்பதில்லை. அதனால் இது யாருடையது என்ற கேள்வி இல்லை. வைரம் என்று சொன்னபோது சொன்ன ஆழத்தைவிட இது குறைவுதான். ஆனாலும் கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். ஜல்லிக்கு உடைத்த சாதாரண வெள்ளைக் கல், தொண்ணூறு கிலோமீட்டர் இறங்கிவிட்டு வந்திருக்கிறது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். தீசிஸில் நாலாம் அத்தியாயம் முழுக்க வைரத் தவறைப் பற்றியே எழுதியிருந்தாள், அடுத்தவர் யாரும் அதே குழியில் விழக்கூடாது என்று. தேர்வாளர் வயதானவர், பச்சைக் கட்டிக் கட்சி. அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் முதலில் பேசினார், நன்றாகவே பேசினார். அப்புறம் கழுத்தில் கத்தியை வைத்தார். லேசாக இருப்பதால் மேலே வருகிறது என்கிறீர்கள். முப்பது நாற்பது கிலோமீட்டர் ஆழத்துக்கு வந்ததும் சுற்றியிருக்கிற கல்லும் அதே எடைதானே, அங்கே நின்றுவிடுமே, மிச்ச தூரத்தை யார் தூக்கிவிட்டார்கள்?

எனக்கு இது தெரியாது. பாதி வழியில் நிற்கும் என்று என்னிடம் அவள் சொன்னதே இல்லை. அவள் தண்ணீர் குடித்தாள்.

"நின்னுடுச்சு சார். ரொம்ப காலம் அங்கேயே நின்னுச்சு. அந்த நேரத்துல அதோட ஓரத்துல புதுசா வளர்ந்த கனிமங்கள்ல அதுக்கு அடையாளம் இருக்கு, ஆறாம் அத்தியாயத்துல காட்டியிருக்கேன். அப்புறம் மேல இருந்த மலை மழையில கரைஞ்சுது, நிலம் இழுபட்டு மெலிஞ்சுது. பாரம் குறையக் குறைய மீதி தூரத்துக்கு வந்துச்சு. தானா வந்தது முதல் பாதிதான்."

தேர்வாளர் தலையை ஆட்டி, வேறு கேள்வி இல்லை என்றார். அவள் கல்லைப் பற்றித்தான் சொன்னாள். ஆலையில் போன அந்தப் பதினாறு வருடத்தை நினைத்து எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று மரியாதைக்குக் கேட்டார்கள்.

அம்மா கையைத் தூக்கினாள். நான் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஆழமா போயிருந்தா வைரம் கிடைச்சிருக்குமாம்மா?"

முன்வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தேர்வாளருக்குச் சொன்ன அதே பொறுமையோடு சொன்னாள்.

"கிடைச்சிருக்கலாம் அத்தை. ஆனா அவ்வளவு கீழ போன கல்லுல நிறைய இன்னும் திரும்பி வரல. இது வந்துடுச்சு."

"அப்ப இதுவே போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தாள்.